ஜெசிந்தாவும் கிடை போட்ட வயலும்

செய்தி வந்தபோது நான் நன்னிலத்தில் ஒரு வயலில், கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தா போய்விட்டார் என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எதையும் நிதானமாகச் செய்கிறவர் இதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அழுகை பிறகு.

எங்கள் மண்ணியல் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். மண் வெளியே விடும் கரியமில வாயுவை அளப்பது அவர் வேலை. வயலில் வளையங்களைப் பதித்து, மேலே மூடியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவைக் கருவியில் பார்ப்பார். "காய்ஞ்ச மண்ணு மூச்சை அடக்கிக்கிட்டு கெடக்கும் சார். நனைஞ்சா பெருமூச்சு விடும். தண்ணி கட்டி நின்னா மறுபடி அடங்கிடும்" என்பார்.

ஈரம் மட்டும் போதாது, மண் பொலபொலப்பாக இருக்கிறதா இறுகிக் கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதைக் கோடையின் முதல் மழையில்தான் அளக்க முடியும். பூதலூர்ப் பக்கம் கலியபெருமாள் என்ற விவசாயியின் வயலில் பாதியை உழுதும் பாதியை உழாமலும் வைத்துக் காத்திருந்தோம். முந்தைய கோடைகளில் மழை ஏய்த்துவிட்டது. எங்கள் திட்டத்துக்கு அதுதான் கடைசிக் கோடை.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வயல் முழுக்க ஆட்டுப் புழுக்கை. வளையங்கள் சாய்ந்து கிடந்தன. உழுத பாதியும் மிதிபட்டு இறுகிவிட்டது. கலியபெருமாள் சிரித்த முகத்தோடு வந்தார்.

"அந்தாண்ட வயலுக்குப் பேசி வச்ச கிடைம்மா. வெயில்ல இவ்ளோ பாடுபடுறீங்களேன்னு உங்க பக்கம் திருப்பிவிட்டேன்."

எருவுக்காக இரவில் ஆடுகளை வயலில் அடைத்துவைக்கும் கிடை, கோடையில் அமைவது எவ்வளவு அரிது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயைத் திறக்குமுன் ஜெசிந்தா என் கையைப் பிடித்து அழுத்தினார். "ரொம்ப நன்றிங்க. அந்தாண்ட வயல்ல இன்னும் கிடை படலைதானே?" என்று மட்டும் கேட்டார்.

படவில்லை. அன்றே அதில் பாதியை உழவைத்து, வளையங்களை மறுபடி பதித்தோம். அவை மண்ணில் அமரச் சில நாளாவது வேண்டும். மேற்கே மேகம் கறுத்தாலே நான் எழுந்து வளையங்களைச் சுற்றி நடப்பேன். ஜெசிந்தாவோ வரப்பில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரிப்பார். "மழை நம்ம ஆபீசுல வேலை பாக்கலை சார், சாப்பிடுங்க."

மழை பொறுத்துத்தான் வந்தது. உழுத பாதி வாயுவை உடனே அள்ளி விட்டது, இறுகிய பாதி தயங்கித் தயங்கி விட்டது. அந்த எண்களைப் பார்த்துவிட்டு, நனைந்த முந்தானையோடு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தவன் நான். அத்தனை சந்தோஷமான வேலைநாள் எனக்கு வேறு வாய்க்கவில்லை. கிடை போட்ட வயலையும் ஒரு வளையம் வைத்து அளந்தார். எருவின் சூட்டில் அது எல்லாவற்றையும் மிஞ்சியது. அதை அறிக்கையில் சேர்க்கவில்லை, கலியபெருமாளிடம் மட்டும் சொன்னார். ஊரெல்லாம் அந்த மனுஷர் அதையே பேசிக்கொண்டு திரிந்தார்.

தஞ்சாவூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். ஈரமான களிமண், கட்டி கட்டியாக விழுந்தது. கலியபெருமாள் மட்டும் தன் பிடியை உள்ளங்கையில் வைத்து மெல்ல உதிர்க்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நின்றது.

"கட்டியாப் போட்டா அம்மாவுக்குப் பிடிக்காது" என்றார்.

நானும் உதிர்த்துத்தான் போட்டேன். இப்போது எந்த வரப்பில் உட்கார்ந்தாலும் என் கை தானாக ஒரு கட்டியை எடுத்து உதிர்க்கிறது. ஜெசிந்தா எனக்கு விட்டுப்போனது அதுதான்.