அக்கம்மாள் பாம்பன் கடந்த நாள்

காமயகவுண்டன்பட்டியில் கல்யாணமோ காதுகுத்தோ எது வந்தாலும், பந்தக்கால் ஊன்றுவதற்கு முன்பே அக்கம்மாள் வீட்டுக்கு ஆள் போய்விடும். எத்தனை பந்தி என்று மட்டும் கேட்டுக்கொள்வாள். திராட்சைத் தோட்டங்களில் கொத்து வெட்டும் நாட்களில் கூலியாட்களுக்குப் பொங்குவதும் அவள்தான். கணவர் அம்மாவாசி வாய்க்கால் மடை திறக்கும் வேலையில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஆள் நெட்டை. குரலும் நெட்டைதான், அடுப்படியில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் இருப்பவன் இலையோடு வந்து உட்காருவான்.

கம்பத்தில் ஒச்சாண்டி என்று ஒருவர் இருந்தார். வருஷா வருஷம் மாசி மாதம் ஒரு பஸ் பிடித்து ராமேஸ்வரத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போவார். காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாகத் திரிவார். தன்னைக் கைடு என்று சொல்லிக்கொள்வார். அவருடைய டூருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. மற்றவர்கள் கட்டுச்சோற்றோடு போய் மறுநாள் ஊசிப்போனதைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். ஒச்சாண்டியோடு போனால் சுடுசோறு. நோட்டீஸிலேயே அதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார். ஓட்டல் சோறு சாப்பிடாத எங்கள் பள்ளத்தாக்குச் சனங்களுக்கு அது ஒன்றே போதும்.

அந்தச் சுடுசோறு அக்கம்மாளின் சோறு. பஸ் கூரையில் அண்டா, வாளி, விறகு. கடைசி சீட்டுக்குக் கீழே அரிசி மூட்டை. அப்போது தீவுக்குள் பஸ் போக வழியில்லை. மண்டபத்தோடு ரோடு முடிந்துவிடும். அங்கே இறங்கி, கடலின் மேல் போகும் ரயிலில் ஏறித்தான் ராமேஸ்வரம் போகவேண்டும். எல்லோரும் காலை ரயிலில் போய்த் தீர்த்தமாடி, சாமி பார்த்து, சாயங்கால ரயிலில் திரும்புவார்கள். அதுவரை மண்டபத்தில் ஒரு பனை நிழலில் அக்கம்மாள் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பாள். டிரைவர் சுயம்புலிங்கம் பஸ்ஸுக்குள் படுத்துத் தூங்குவார்.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ராமேஸ்வரம் ராமேஸ்வரம் என்று ஊரெல்லாம் கூட்டிப்போன பஸ்ஸில் ராமேஸ்வரத்தைப் பார்க்காத பொம்பளை அவள் ஒருத்திதான்.

ஆசை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் ரயில் ஏறப்போகும் பெண்களிடம், "தாயி, எம் பேரச் சொல்லி ஒரு முங்கு முங்கிருங்க" என்று கேட்பாள். வராதவர்கள் பேருக்கு ஒரு முழுக்குப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புண்ணியம் அவர்களுக்கும் சேரும் என்பார்கள். சாயங்காலம் ஈரத்துணியோடு திரும்புகிறவர்களுக்குச் சோறு போட்டபடியே விசாரிப்பாள். தூண் எம்புட்டு ஒசரம்? கெணத்துத் தண்ணி இனிக்குதா, கரிக்குதா? ஒருத்தி பிராகாரம் உத்தமபாளையம் வரைக்கும் நீளும் என்பாள். இன்னொருத்தி அதெல்லாம் இல்லை, நம்ம சந்தைப்பேட்டை அளவுதான் என்பாள். ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்தச் சேதிகளையெல்லாம் சேர்த்து அக்கம்மாள் தனக்கென்று ஒரு தீவைக் கட்டி வைத்திருந்தாள்.

"அண்ணே, நானும் ஒருவாட்டி போயிட்டு வாரேனே" என்று அவள் கேட்காத வருஷம் கிடையாது. முதலில் ஒச்சாண்டி, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். பிறகு கடலுக்குள் ரோட்டுப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். அது அவருக்கு வசதியாகப் போயிற்று. "பாலம் முடியட்டும் அக்கம்மா. பஸ்ஸே உள்ள போகும். நீ அண்டாவோட போயி கோயில் வாசல்லயே எறங்கலாம்" என்பார். வருஷா வருஷம் அண்டாவை இறக்கக் கூரைமேல் ஏறும்போது அவள் கண்ணுக்கு மேல் கை வைத்துத் தூரத்தில் பார்ப்பாள். கடலுக்குள் கம்பு நட்டது போல நாலு தூண். அடுத்த வருஷம் போனால் ஐந்தாறு தூண்.

எண்பதாம் வருஷம் மாசியில் நான் அந்த பஸ்ஸில் போனேன். அப்போது மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். கம்பத்தில் எங்கள் அப்பா கடைக்குத் தேங்காய் கொடுக்கும் மொக்கம்மாள் பெரியம்மாதான் என்னைக் கூட்டிப்போனது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அம்மா தயங்கியபோது பெரியம்மா ஒரே போடாகப் போட்டது. "சாமி வேற வேறயா இருக்கட்டும். கடலு ஒண்ணுதானத்தா? கிருபா கடலப் பாத்துட்டு வரட்டும்."

விடியற்காலை மண்டபத்தில் இறங்கினோம். அடுப்பு மூட்டியாயிற்று. ரயிலுக்கு நேரம் இருந்தது. அக்கம்மாள் கரண்டியும் கையுமாக வந்து வழக்கம்போலக் கேட்டாள்.

"மொக்கம்மா மயினி, எம் பேருக்கு ஒரு முங்கு..."

"மாட்டேன்" என்றது பெரியம்மா.

அக்கம்மாளுக்குப் புரியவில்லை. மயினி விளையாடுகிறது என்று நினைத்துச் சிரித்தாள்.

"என்னத்தச் சிரிக்கிற? ஓம் பேருக்கு நான் எதுக்கு முங்கணும்? ஒனக்குக் காலு இல்லையா, கையி இல்லையா? ரெண்டு தடவ ஒனக்காக முங்கி எனக்குச் சளி புடிச்சதுதான் மிச்சம். போ, போயி நீயே முங்கு."

"அப்ப சோறு?"

"சோத்துல என்ன கெடக்கு? நான் பொங்குறேன். நான் அந்தக் கோயில் தூணையெல்லாம் ரெண்டு தடவ எண்ணியாச்சு."

பஸ்ஸைச் சுற்றி நின்ற கூட்டம் கலங்கிவிட்டது. மொக்கம்மாள் பெரியம்மாவின் சமையல் அப்படி. சுயம்புலிங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆத்தா பொங்குனா நமக்கு நல்லதுதான். சோத்த வச்சு டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டிக்கிரலாம்" என்றார்.

"ஏலே, பீடியத் தின்னு உசுரு வாழுறவன் நீ. ஒனக்கு எதுக்குடா சோத்துப் பேச்சு?"

விசிலை ஊதிக்கொண்டு ஒச்சாண்டி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "இந்தா பாரு அக்கம்மா, சனங்க சுடுசோறுன்னு நம்பி வந்திருக்காக. எம் பேரக் கெடுத்துறாத. அதான் சொல்லிருக்கேன்ல, பாலம் முடியட்டும்னு."

அக்கம்மாள் தூரத்துத் தூண்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாலம் முடியிறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. பருப்பு வேகவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். கரண்டியைப் பெரியம்மா கையில் கொடுத்தாள். "புளி ஊறப் போட்டிருக்கு மயினி. அரிசிய ரெண்டு தண்ணி கழுவுங்க" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கரியும் மஞ்சளும் ஒட்டிய அதே சேலையோடு ஸ்டேஷனைப் பார்க்க நடந்தாள். மாற்றுச் சேலையைப் பின்னாலேயே ஓடிப்போய் நான்தான் கொடுத்தேன்.

அந்தப் பாம்பன் ரயில் பாலத்தை நினைத்து நான் முந்தின இரவு தூங்கவில்லை. அறுபத்துநாலு புயலில் கடல் ஒரு ரயிலையே விழுங்கியதைச் சின்ன வயதில் பெரியவர்கள் பேசிக் கேட்டிருந்தேன். ரயில் கரையை விட்டதும் ஜன்னலுக்கு வெளியே தரை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் தெரிந்தது. வண்டி மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். இப்போதும், நான் வேலை பார்க்கும் தேசத்தில், ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறினால் என் கை தானாகக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

பக்கத்தில் அக்கம்மாள் கண்ணை மூடவில்லை. தலையை வெளியே நீட்டி இந்தப் பக்கம் பார்த்தாள். எழுந்து போய் அந்தப் பக்கம் பார்த்தாள். காற்று முடியை அவிழ்த்துவிட்டது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஆத்தாடி" என்றாள். வெகுநேரம் கழித்து என் தோளைத் தட்டி, "தாயி, இதுக்கு மடை எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

மடைக்காரர் பெண்டாட்டி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் யாரோ திறந்துவிட்டு யாரோ அடைப்பது. ஆறும் அப்படித்தான், வாய்க்காலும் அப்படித்தான். திறக்கவும் அடைக்கவும் ஆள் இல்லாத தண்ணீரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"மடை கிடையாதுக்கா."

"ஒருத்தரும் அடைக்க மாட்டாகளா? இம்புட்டும் சும்மாவா கெடக்கு?" கையைக் கூப்பினாள். எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டாள். பயந்து உட்கார்ந்திருந்த நானும் அதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். அப்போதுதான் எனக்கும் கடல் தெரிந்தது.

அக்கினி தீர்த்தத்தில் அலையே இல்லை. தட்டில் ஊற்றிவைத்த மாதிரி கிடந்தது. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்று முங்கினாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எழுந்து வாயைத் துடைத்து, "உப்பு கூடிப்போச்சு" என்றாள். கரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போனார்கள். வாளியில் மொண்டு ஊற்றுகிறவர்கள் கிணற்றுச் சுவர்மேல் நின்று ஒவ்வொருவர் தலையிலும் ஊற்றினார்கள். மற்றவர்கள் குளிரில் கத்திக்கொண்டு ஓடினார்கள். அக்கம்மாள் ஒவ்வொரு கிணற்றிலும் தலையைக் குனிந்து, தண்ணீர் முழுவதும் வடியும்வரை அப்படியே நின்றாள். வாளிக்காரர் ஒருவர், "நகருங்கம்மா, பின்னாடி ஆளு நிக்குறாங்க" என்றார். "நிக்கட்டும் சாமி. எந் தலையில இதுவரைக்கும் யாரும் தண்ணி ஊத்துனதில்ல" என்றாள். அவர் இன்னொரு வாளி மொண்டு ஊற்றினார்.

பிறகு வெளிப் பிராகாரத்துக்கு வந்தோம். அதை நான் எப்படி எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. தூரத்தில் அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியாக முடிந்தன. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே இருந்தார். ஈரக்கால்களின் சத்தம் மட்டும் முன்னால் வந்து சேர்ந்தது.

அக்கம்மாள் ஒரு தூணில் கை வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தன வருசமா வந்தவுக போனவுக எல்லாருகிட்டயும் கேட்டேன் தாயி. ஒருத்தரும் பொய் சொல்லல. ஆனா ஒருத்தரும் இதச் சொல்லல."

சாயங்காலம் ஸ்டேஷனில் ஒச்சாண்டி தலை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. விசில் ஊதினார். யாரும் வரவில்லை. "ஓடு பாப்பா, ஒனக்குத்தான் எளங்காலு" என்று என்னை விரட்டினார். ரயில் கிளம்பிவிடுமோ என்ற பதைப்பில் மூச்சிரைக்க ஓடினேன். அவள் கடற்கரை மணலில், கடலைப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ரயிலு!"

"போகட்டும்."

"கடைசி ரயிலுக்கா."

"தெரியும். காலையில ஒண்ணு வரும்ல? அதுல வாரேன். விடியிறதப் பாக்கணும். இந்தப் பக்கம்தான் விடியுமாம்."

"தனியா எப்படிக்கா இருப்பீக?"

"கோயில் வாசல்ல எத்தன சனம் கெடக்கு பாத்தீல? நான் ஒருத்தி கெடந்தா எடம் பத்தாதா? நீ போ தாயி. ஒச்சாண்டியண்ணே வைவாக. வையட்டும்."

அவர் வைதார். பாம்பன் தாண்டும்வரை வைதார். மண்டபத்தில் இறங்கி, பெரியம்மா பொங்கிய சோற்றைப் பார்த்தும் வைதார். மேலே அரிசி, நடுவில் களி, அடியில் கரி. பசியில் எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு ஒச்சாண்டி, அவளை விட்டுவிட்டுப் புறப்படப் போவதாக அறிவித்தார்.

"ஒனக்கு என்ன அம்புட்டு அவசரம்? வீட்டுல போயிப் புள்ளைக்குப் பாலு குடுக்கணுமா?" என்றது பெரியம்மா.

"டிரைவரு, வண்டிய எடுப்பா."

சுயம்புலிங்கம் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, "அக்கம்மாக்கா இல்லாம வண்டி நகராதுண்ணே. நெனச்சப்ப ஊதுறதுக்கு பஸ்ஸு ஒண்ணும் ஒங்க விசிலு இல்ல" என்றார். சீட்டில் கால் நீட்டிப் படுத்தும்விட்டார். மற்றவர்கள் மணலில் துண்டை விரித்தார்கள்.

மறுநாள் காலை ரயிலிலிருந்து அவள் இறங்கி நடந்து வந்தாள். முடியும் சேலையும் ஈரம். தூங்கிய முகம் இல்லை. ஆனால் அப்படி ஒரு தெளிவை நான் அந்த முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"நம்ம ஊருல சூரியன் மலையேறி வரணும். வந்து சேர்றதுக்குள்ள பாதி வேல முடிஞ்சிரும். இங்கன அது தண்ணிக்குள்ள இருந்து, குளிச்சிட்டு எந்திரிச்ச மாதிரி ஈரமா வருது மயினி. மொதல்ல ஒரு கோடு. அப்புறம்..." கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் அந்தக் கை காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தோம். பெரியம்மாகூட.

ஒச்சாண்டி தொண்டையைச் செருமினார். "சரி, அண்டாவ ஏத்து அக்கம்மா. நேரமாச்சு."

"ஏத்துறேண்ணே. அடுத்த வருசம் எனக்கு ஒரு டிக்கெட்டுப் போட்டுருங்க."

"ஒனக்கு எதுக்கு டிக்கெட்டு? நீ சமையலுக்குல்ல வார?"

"சமையலுக்கு வரல. சும்மா வாரேன்."

அடுத்த மாசிக்கு ஒச்சாண்டி சமையலுக்கு வேறு யாரையெல்லாமோ கேட்டுப்பார்த்தார். மண்டபத்தோடு நிற்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை, எல்லோரும் தீவுக்குள் போகவேண்டும் என்றார்கள். நோட்டீஸில் சுடுசோற்றை எடுத்துவிட்டுக் கட்டுச்சோறு என்று அச்சடித்தார். ஆள் வராது என்று பயந்தார்; பஸ் நிறைந்துதான் போனது. அந்த வருஷமும் நான் போனேன், அதன் பிறகுதான் வெளிநாட்டுக்கு வந்தது. மத்தியானம் அக்கினி தீர்த்தக் கரையில் இலைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோரும் நிழல் தேடி உட்கார்ந்தார்கள். அக்கம்மாள் மட்டும் வெயிலில், தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன புளிச்சோற்றைச் சாப்பிட்டாள். கடைசிப் பருக்கை வரைக்கும் ஒரு தடவைகூட இலையைக் குனிந்து பார்க்கவில்லை.