ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவன்

தாய்லாந்து எல்லையில் ஓடும் சல்வீன் ஆற்றங்கரையில், ஒரு கரேன் இனக் கிராமத்தில் பிளேவா டீச்சருக்குப் 'பிள்ளை பிடிப்பவர்' என்று பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை வீடு தேடிப் போய்க் காதைத் திருகி ஆறாம் வகுப்பில் உட்கார வைப்பார். ராணுவத்தோடு சண்டை வந்த பிறகு யார் காதைத் திருகுவது? பாதிப் பேர் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்தில் சோளம் ஒடிக்கப் போனார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரவேண்டிய கெட்டிக்காரப் பையன் ஏடோ காட்டுக்குத் துப்பாக்கி தூக்கப் போய்விட்டான். இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது ஒன்பதாம் வகுப்பில் வெறும் பெஞ்சுகள்தான் இருந்தன.

டீச்சருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பயந்துபோய் உடம்பைவிட்டு ஓடிய உயிரைக் கூப்பிட, அந்த ஊரில் வீட்டுப் படியில் அகப்பையால் தட்டுவார்களே, அப்படிப் பள்ளிப் படியில் தட்டினார்.

"டேய் ஏடோ! காட்டுல என்னடா வேலை உனக்கு? வந்து உட்காருடா!"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டதும் உள்ளே பெஞ்சு கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தார். மூங்கில் தரையில் ஈரமான பூட்ஸ் தடங்கள் கடைசிப் பெஞ்சுவரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. பெஞ்சில் யாரும் இல்லை.

குரல் கேட்டு ஏடோவின் அம்மா நனைந்தபடி ஓடிவந்தாள். "ஐயோ டீச்சர், என்ன காரியம் பண்ணிட்டீங்க! அவன் உடம்பு அங்க சண்டையில நிக்குது. உயிரை இங்க கூப்பிட்டுட்டா அவன் எப்படி நிப்பான்?"

டீச்சரின் கையிலிருந்து அகப்பை நழுவியது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை வா வா என்று அழைத்த வாய், காலிப் பெஞ்சைப் பார்த்துக் கெஞ்சியது.

"போயிடுடா கண்ணு. இன்னிக்கு ஸ்கூல் லீவு."