அவர் ஏறாத கப்பல்

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேருக்கு நர்ஸாக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மரைன் ஹில்லில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், நான். பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது. மெயின்லேண்ட் மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, என்ன தேவை என்று விசாரிப்பது என் வேலை.

ஹேடோ குவார்ட்டர்ஸில், அண்ணன் குடும்பத்தோடு அப்படித் திரும்பிய ஒருவர் இருந்தார். அண்ணனுக்குச் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் மில்லில் வேலை. தம்பி சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, எதைக் கேட்டாலும் அண்ணிதான் பதில் சொல்வார். பெண்ணைக் கேட்காமலே நிச்சயம் பண்ணுகிற கதை மாதிரிதான். தம்பியோ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அண்ணி அழுதேவிட்டார். "ஹார்பருக்கு ஜஹாஜ் வந்து சங்கு ஊதுனாலே கதவ ஒடைக்கிறாரு சிஸ்டர். உள்ள போட்டுப் பூட்டித்தான் வெக்கிறோம். பசங்க பயப்படுறாங்க. திரும்ப அந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்பச் சொல்லி எழுதிடுங்க."

எழுதினால் அனுப்பிவிடுவார்கள். இன்னொரு முறை போனால் அவர் திரும்பப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணியை டீ போட அனுப்பிவிட்டு, அவரிடமே கேட்டேன்: "உங்களுக்கு என்னண்ணே வேணும்?"

"சங்கு ஊதுனா என்னயப் பூட்டிர்றாங்க. கப்பல்ல கொண்டுபோகத்தான் பூட்டுறாங்கன்னு நெனச்சுக்குவேன். நான் ஏறாம கப்பல் போறத என் கண்ணால பாக்கணும்" என்றார்.

அடுத்த கப்பல் மெட்ராஸுக்குக் கிளம்பிய மாலை, அண்ணனிடம் பேசி, மூவரும் துறைமுக ஜெட்டிக்குப் போனோம். கடலில் குதித்துவிடுவாரோ என்று நான் அவரை ஒட்டியே நின்றேன். அண்ணன் தம்பியின் சட்டையை விடவே இல்லை. சங்கு ஊதியது. கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் மெல்ல விலகி, சிறுத்து, மறைந்தது.

"போயிருச்சு" என்றார் தம்பி. அண்ணன் கையை எடுத்தார்.

எனக்குத்தான் அழுகை பொங்கியது. அதில் ஏறி ஊருக்குப் போய்விட மாட்டோமா என்று எத்தனை முறை ஏங்கியிருப்பேன்! அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் போகலயா சிஸ்டர்?"

"இல்லண்ணே."

"அப்ப நல்லது."

அப்புறம் கப்பல் கிளம்பும்போதெல்லாம் அண்ணனே அவரை ஜெட்டிக்கு அழைத்துப் போனார். கதவைப் பூட்டவில்லை. அனுப்பச் சொல்லி நானும் எழுதவில்லை.

ஊர் திரும்பி எவ்வளவோ காலமாகிவிட்டது. நான் இருப்பது நல்லது என்று அந்தத் தீவில் என்னிடம் சொன்ன முதல் மனிதர் அவர்தான். வீட்டில் தனியாக இருக்கும் மாலைகளில் இன்றும் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் துணை.