தட்டிப் பார்க்கும் பொன்னுத்துரை

என் வீட்டுக்குள் நுழையுமுன் பொன்னுத்துரை நிலையைத் தட்டுகிறார். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் வலது கை நடுவிரலை மடக்கி, அந்தக் கணுவால் நிலைச்சட்டத்தில் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். "அடியில கரையான் ஏறுது சயாமா, பாத்துக்குங்க" என்று சொன்ன பிறகுதான் "சௌக்கியமா?" என்கிறார். நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஆகவே யாங்கூனின் தின்கன்ஜூன் வட்டாரத்தில் எங்கள் தெருவுக்கே நான் சயாமா. மனிதர்களின் சௌக்கியம் அவருக்கு எப்போதும் மரத்துக்கு அடுத்தபடிதான்.

மேசை, கட்டில், பேருந்தின் இருக்கைப் பலகை என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க இவர் மட்டும் எழுந்து போய் அலமாரியைத் தட்டினார். "தேக்குன்னாங்க, இது தேக்கில்லையே" என்று சபையிலேயே சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுபோகவிருந்தது. அந்தப் பெண்ணே முன்வந்து, "அலமாரி எங்க பாட்டன் வாங்கினது, பெரியப்பா. நான் நிஜம்தான்" என்று சொன்னதால் தப்பித்தது. இன்றும் அவள் வீட்டில் இவருக்குத்தான் முதல் மரியாதை.

பக்கத்து வட்டாரமான தாகேதாவில் ஒரு மர ஆலையில் முப்பத்தெட்டு வருடங்களாகத் தரம் பார்க்கிறார். காலையில் துவைத்த லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாகப் போகிறவர், மாலையில் புருவத்தில் மரத்தூளோடு திரும்புகிறார். மரத்தூளை ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தே தேக்கு, பிங்காடோ, படாக் என்று பிரித்துவிடுவார். ஆனால் தீர்ப்பு மட்டும் விரல் கணுவில்தான். வைரம் பாய்ந்த மரம் ஒரு விதமாகப் பேசும், உள்ளே பொந்து விழுந்தது வேறு விதமாகப் பேசும் என்பார். நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு விரல் வலித்ததுதான் மிச்சம்.

அந்த ஆலைக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அங்கே வாங்கிய மரத்தில் யாராவது வீட்டுக்கு உத்திரம் ஏற்றினால், அந்த மரம் தேறும் என்று சொன்னவர்தான் முதலில் அதன் கீழே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகுதான் குடிபுகுவார்கள். "சொன்னவன் வயித்துக்குள்ள சோறு எறங்கினாத்தான் வீட்டுக்காரனுக்குத் தூக்கம் வரும்" என்பது பொன்னுத்துரையின் விளக்கம். யாங்கூனில் இருநூறு உத்திரங்களுக்குக் கீழேயாவது அவர் சாப்பிட்டிருப்பார். தொந்திக்கு அதுதான் காரணம் என்று அவர் மனைவி காளியம்மா சொல்வதை நான் நம்புகிறேன்.

மகள் கலா இங்கிலாந்தில் நர்ஸ். 2007 ஏப்ரலில் அப்பாவை வரவழைத்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவரிடம் லண்டனைப் பற்றிக் கேட்டால், "பெரிய ஊரு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். ராணியின் மாளிகையைப் பற்றிக் கேட்டதற்கு, "வெளிக் கதவு இரும்பு" என்றார். ஆனால் கலா ஒருநாள் கூட்டிப்போன பழைய காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

"காடுன்னதும் நான் யானை, புலின்னு நெனச்சிட்டேன் சயாமா. அங்க போனா ஒரு சின்ன மரக்கதவு, தொறந்து உள்ள போயிட்டு நாமே சாத்திட்டு வரணும். நாலு ஃபுட்பால் மைதானம் அளவுதான் இருக்கும். ஆனா அறுநூறு, எழுநூறு வருஷமா அந்த எடத்துல காடு காடாவே இருக்காம். இலையெல்லாம் அப்பத்தான் தளிர் விட்டிருக்கு, கண்ணாடி மாதிரி வெயில் உள்ள வருது. தரை பூராவும் நீலப் பூ. காலை எங்க வைக்கிறதுன்னு தெரியல. நான் செருப்பைக் கழட்டிட்டேன். கலா திட்டுனா, சளி பிடிக்கும்னு."

நடுக்காட்டில் ஓர் ஓக் மரம். அடி மரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து ஆள் வேண்டும். உயரமோ அதிகமில்லை, தலை பரந்து குட்டையாக நின்றதாம். பொன்னுத்துரை சும்மா இருப்பாரா? தட்டினார். உள்ளே வெறும் பொந்து. பக்கத்தில் பச்சை மேலங்கி போட்ட ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறவர், நின்றிருந்தார். "இதை எப்பவோ வெட்டியிருக்கணும், யார் தலையிலயாச்சும் விழுந்துடப் போவுதுன்னு அவங்ககிட்ட சொல்லும்மா" என்று மகளிடம் சொன்னார். கலாவும் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. இவர் கையைப் பிடித்து மரத்தின் மறுபக்கம் கூட்டிப்போய், அங்கிருந்த வெடிப்பு வழியாக உள்ளே போகச் சொன்னாராம். உள்ளே போய் நின்றார். நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் போல இடம். மேலே பார்த்தால் வானம். சுற்றிலும் ஒரு முழக் கனத்துக்கு உயிருள்ள மரம். வயதானால் ஓக்குக்கு உள்வைரம் போய்விடும், பட்டையை ஒட்டிய மரம்தான் அதைத் தாங்குகிறது என்று அந்த அம்மாள் சொன்னாராம். அந்தக் காலத்து ஆட்கள் விறகுக்காக அடிக்கடி தலையைக் கழித்துவிட்டதால் காற்று அதைப் பிடித்துத் தள்ள முடியவில்லை, பொந்து விழுந்தே இருநூறு வருடம் நிற்கிறது என்றாராம்.

"வீட்டுக்கு வர்ற வழி பூரா அதே நெனப்பு" என்றார் பொன்னுத்துரை. "எங்க ஏரியாவுல எத்தனை வீட்டு வாசல் மரத்தைத் தட்டிப் பாத்துட்டு வெட்டுன்னு சொல்லியிருக்கேன். வண்டியில ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தேன்."

அடுத்த வருடம் மே மாதம் நர்கிஸ் புயல். அந்த ஓர் இரவில் யாங்கூன் தன் நிழலை எல்லாம் இழந்தது. எங்கள் தெருமுனையில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் மட்டும் ஒரு பெரிய கிளையைப் பறிகொடுத்து, மேற்கே சாய்ந்து நின்றது. மேற்கே, அதன் அடியில்தான் மதீனா பீவியின் பலாட்டாக் கடை. பரோட்டாவைத்தான் இங்கே பலாட்டா என்கிறோம். புருஷன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை அந்தக் கல்லில் மாவு வீசியே வளர்த்தவள். மரம் போனால் அந்த வெயிலில் கடை நடக்காது. மரம் நின்று, பிறகு விழுந்தால் அவள்மேல்தான் விழும்.

பத்து நாள் கழித்து வட்டார அலுவலகத்து ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். பொன்னுத்துரை தட்டிப் பார்த்துச் சொல்லட்டும் என்று தெருவே கூடி நின்றது. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் தட்டினார். பொந்து என்பது எனக்கே கேட்டது.

"பொன்னுண்ணே" என்றாள் மதீனா பீவி. கையில் மாவு. "நீங்க நில்லுன்னா நிக்கிறேன், போன்னா போறேன். எனக்கு மரம் தெரியாது, உங்களைத் தெரியும்."

அவர் முகம் கறுத்துப் போனதை நான் பார்த்தேன். பிறகு சொன்னார்: "தலையில பாதியைக் கழிச்சிடுங்க. மரம் நிக்கட்டும்."

டயர் கடை முரளிதரன் சிரித்தான். மரம் தெரிந்த வாத்தியார் என்று அவரைச் சயா என்பான். "இங்கிலாந்து போயிட்டு வந்ததும் சயாவோட விரலும் மாறிடுச்சு போல! எங்க வீட்டு வேப்பமரம் பொந்துன்னுதானே வெட்டச் சொன்னீங்க? எங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடல."

"ஹொட்டே" என்றார் பொன்னுத்துரை. ஆமாம் என்று பர்மியில். "அது என் தப்பு. எனக்கு அப்பத் தெரியல, முரளி. உங்கம்மாகிட்ட நான் வந்து சொல்றேன்."

அறுபது வயதுக்கு மேல், பிழைப்பே தன் தீர்ப்பாக இருக்கிற ஒரு மனிதர், நடுத்தெருவில் நின்று தப்பு என்று சொன்னதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அன்று சாயங்காலமே முரளியின் அம்மா பவுனம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். கிழவி அவரைப் பத்து நிமிடம் திட்டிவிட்டு டீ கொடுத்தாள்.

மரத்தின் தலையைக் கழித்தார்கள். மொட்டையாக நின்ற அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மழைக்காலம் போனதும் குடை போலத் துளிர்த்துவிட்டது. அதற்காகப் பொன்னுத்துரை நிம்மதியாகத் தூங்கினார் என்று எண்ண வேண்டாம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மரத்தைத் தட்டுகிறார். காற்று கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஓடுகிறார். "காத்தடிக்கும்போதுதான் மரம் நெசம் பேசும்" என்பார்.

இந்த மே மாதம், 2010-ல், ஒரு பிற்பகல் நான் பலாட்டாவுக்காகக் கடையில் காத்திருந்தேன். வடக்கே மிங்கலாடோன் பக்கம் வானம் கறுத்து, திடீரென்று காற்று சுழன்றடித்தது. பொன்னுத்துரை எங்கிருந்தோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"மதீனா, நீ அந்தப் பக்கம் டயர் கடைக்குள்ள போய் நில்லு. எனக்கு ஒண்ணு வச்சுக் குடுத்துட்டுப் போ."

"காத்து நிக்கட்டும்ணே, அப்புறம் சாப்பிடலாம்."

"நின்னப்புறம் சாப்பிட்டு என்ன பிரயோஜனம்?"

அவள் தட்டில் பலாட்டாவை வைத்துக் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். அவர் அவளுடைய முக்காலியில், கல்லுக்குப் பின்னால், மரம் சாய்ந்திருக்கும் அந்த மேற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முதுகை அடிமரத்தில் ஒட்டவைத்துக்கொண்டார். மேலே இலைகள் பேயாட்டம் ஆடின. எனக்கும் எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. என் முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். எழுந்தார். என்னை எழுப்பி, என் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தின் கிழக்குப் பக்கத்தில், நல்ல தூரத்தில் வைத்தார். பிறகு திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் எடுத்துவைத்து, பலாட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.