தோளைத் தொட்டுப் பேசுகிற வீடு

தம்பானூர் தியேட்டரில், அந்தக் காலத்துத் துணி மில்லைப் பற்றி ஒரு படம். தறிகள் ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அந்த இரைச்சலுக்குள் கதாநாயகன் நிதானமாக வசனம் பேசினான். எனக்கு எரிச்சலாக வந்தது. தறி ஓடுகிற இடத்தில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்?

என் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். ஆரியசாலை வீட்டுக்குள் நுழையும்போதே சட்டையில் எண்ணெயும் பஞ்சும் மணக்கும். காது மட்டும் மில்லிலேயே நின்றுவிடும். அவரிடம் எதுவும் சொல்ல முதலில் தோளைத் தொடவேண்டும். திரும்பி, நம் உதட்டைப் பார்ப்பார். பெரியவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் பேசவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒன்றாம் வகுப்பில் டீச்சரின் தோளைத் தொட்டுத்தான் சந்தேகம் கேட்டேன்.

"மரியாதை தெரியாத குட்டி! நாளைக்கு அச்சனைக் கூட்டிட்டு வா."

அப்பா லீவு போட்டு வந்தார். டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, முகம் திருப்பாமல் அவரைத் திட்டித் தீர்த்தார். பதில் வராததால் திரும்பினார். அப்பா சிரித்த முகமாக ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார். நான் அவர் தோளைத் தொட்டேன்.

"அப்பா, டீச்சர் பேசுறாங்க."

டீச்சரின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு நான் தோளைத் தொட்டால் டீச்சர் திட்டியதில்லை.

நானும் பதினெட்டு வருஷமாகக் கழக்கூட்டத்தில் ஒரு கால் சென்டரில், ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். படம் முடிந்து, விளக்குப் போட்டிருந்தார்கள். மகள் என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"எத்தனை தடவை விளிச்சேன், அம்மா."