ஒன்றாய் இருக்கும் ஒரு படம்

மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் இப்போதெல்லாம் ஒரு சிறிய அட்டையை நிறுத்தி வைக்கிறோம். விருந்தாளி அதைத் தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி எடுத்துக் கொடுத்தால் போதும். அந்தக் கல்யாணத்தில் அவர் முகம் இருக்கும் படங்களெல்லாம் இரண்டொரு நாளில் அவர் கைக்கே போய்விடும். இந்த ஏற்பாடு வந்தபோது என்னைவிட சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. கடலூர் முதுநகரில் ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து, "எங்க படம் எப்ப வரும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றியவன் நான். இப்போது கேள்வி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணை மூடியிருக்கும் படம் எதற்கு வந்தது, வாயில் சோற்றோடு இருப்பதை ஏன் அனுப்பினீர்கள், அண்ணன் படமெல்லாம் தம்பிக்கு எப்படிப் போனது என்று கேட்கிறார்கள். மனித முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அப்படி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் அந்த அம்மா கடைக்கு வந்தார். பத்து நாளைக்கு முன் சிதம்பரத்தில் நான் படமெடுத்த கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர். கணவர் போன பிறகு துறைமுகத்தில் மீன் விற்றே அந்த ஒரே மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர். கூடையை வெளியே இறக்கிவிட்டு, கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"நாப்பது படம் வந்துருக்கு தம்பி. எல்லாத்துலயும் நான் இருக்கேன். எம் பொண்ணு ஒண்ணுத்துலயும் இல்ல. அவளும் நானும் ஒண்ணா இருக்கறது ஒண்ணே ஒண்ணு தேடிக் குடுப்பா."

"வீட்ல எடுத்தது இருக்குமேம்மா?"

"அது கெடக்கு ஜாஸ்தி. கூறப்பொடவையோட வேணும். நேத்து சிங்கப்பூருக்கு ஏறிட்டா. இனிமே எங்க அந்தக் கோலத்துல பாக்கறது?"

நாற்பதையும் நகர்த்திப் பார்த்தேன். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மாடிப்படி ஓரம் யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு, கடைசி வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. ஒன்றில்கூட அவர் காமிராவைப் பார்க்கவில்லை. பாதிப் படங்களில் கண் மேடைப் பக்கம் போயிருந்தது. மேடையில் தாரை வார்த்தது பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும். தாலி அறுத்தவள் மேடை ஏறக்கூடாது என்று அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவரே ஒதுங்கிக்கொண்டார், எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எனக்கும்தான். அதே கல்யாண ஆல்பத்தில், சித்தப்பா கேட்டுக்கொண்டபடி, இறந்துபோன அப்பாவைப் பழைய ரேஷன் கார்டுப் படத்திலிருந்து வெட்டியெடுத்து, வேட்டி சட்டை போட்டு, பெண்ணுக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தேன். கேட்காத வீடு இல்லை என்பதால் இந்த வேலை எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் கல்யாணத்துப் படங்கள் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மணப்பெண் அறைப் படங்கள் வந்தபோது கை நின்றுவிட்டது. வரிசையில் ஒரு படத்தின் எண் மட்டும் விட்டுப்போயிருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நெற்றிச்சுட்டி தெளிவாகத் தெரியவேண்டும் என்று நான் குறிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்த அம்மா எங்கிருந்தோ வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்று, முந்தானையால் அவள் மேலுதட்டு வேர்வையை ஒற்றினார். பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அதற்குள் நான் அமுக்கிவிட்டேன். "அம்மா, மறைக்குது, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றேன். அவர் உடனே தள்ளிக்கொண்டார். அன்று ராத்திரியே வேண்டாததையெல்லாம் கழித்தபோது, நகை தெரியவில்லை என்று அந்தப் படத்தையும் அழித்தேன். அந்த மெமரி கார்டில் இதற்குள் திட்டக்குடிக் கல்யாணம் ஒன்று ஏறிவிட்டது, இனி மீட்கவும் வழியில்லை.

இல்லை என்று சொல்ல மனம் வராமல், "ரெண்டு படத்தைச் சேத்து ஒண்ணாக்கித் தரேம்மா. பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்கும். காசு வேணாம்" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அவுரு செத்துட்டாரு, ஒட்டுனீங்க, சரி. நான் அங்க உசுரோடதானப்பா இருந்தேன்? என்னை எதுக்கு ஒட்டணும்?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. திரையைப் பார்ப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன். என் முகம் வாடியதை அவர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. எழுந்து வெளியே போய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

"நீ என்னப்பா பண்ணுவ? நான் ஒரு தடவையாவது அவ பக்கத்துல போயி நின்னுருந்தா நீ எடுக்காமயா இருந்துருப்ப?"

நின்றார். எடுத்தேன். இரண்டும் நடந்தது என்று அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.