பத்து டன் தாங்கும் இட்லி வண்டி

மேட்டூர் அணை நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர் பள்ளிபாளையத்துக் கரையோரம் புகுந்தபோது, இட்லி விற்கும் அக்கா ஒருவரின் தள்ளுவண்டியை ஆறு அடித்துக்கொண்டு போனது. அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. வெள்ளம் வடிந்ததும், வெளிநாட்டு நன்கொடையாளர்களும் உள்ளூர்க் கம்பெனிகளும் ஒரே உண்டியலில் போடும் மறுவாழ்வு நிதிக்கு ஒருங்கிணைப்பாளராக வந்து சேர்ந்தேன். வேலை என்றால் கூட்டம் போடுவது. தனியாரை எப்படி உள்ளே இழுப்பது என்று மாதக்கணக்கில் பேசினோம். அக்கா அதற்குள் இடுப்பில் குண்டானைச் சுமந்து விற்க ஆரம்பித்துவிட்டார். அவர் எதிரில் வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

கடைசியில் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை முதலாளி ஒருவர் சிக்கினார்.

"பணமா வேண்டாமுங்க மேடம், வண்டியாவே பண்ணிக் குடுத்தர்றேனுங்க. பத்து டன் ஏத்துனாலும் தாங்குமுங்க" என்றார்.

வீடியோவில் இருந்த நன்கொடையாளர்கள் கைதட்டினார்கள். இட்லி எந்த ஊரில் பத்து டன் விற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

வண்டி லாரியில் வந்தது. கரையோரத்தில் இறக்குவதற்குக் கிரேன் வந்தது. லாரிக்குப் போடும் அதே இரும்புச் சேனல், தடித்த பலகை, பின்னால் சிவப்பு விளக்கு, 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்து வேறு. மாலை போட்டு, படம் பிடித்து முடிந்ததும் அக்கா தள்ளினார். அசையவில்லை. நானும் தள்ளினேன். விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினரும் தள்ளினார்.

"பாத்தீங்களா, என்ன ஸ்ட்ராங்குன்னு!" என்று பூரித்தார் முதலாளி.

அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏங் கண்ணு, இதுக்கு டிரைவரும் நீங்களே குடுத்துருவீங்களா?"

நிதிக் குழுவிடம் வேறு வண்டி கேட்டேன். ஒருவருக்கு ஒரு வண்டிதான், கொடுத்தாயிற்று என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பை ஆற்றில் எறிந்திருப்பேன். அக்கா வண்டி நின்ற இடத்திலேயே அடுப்பைப் பற்றவைத்தார். தெருத்தெருவாகப் போய் விற்றவர் இப்படி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

மறுவருடமும் அணை திறந்தது. தண்ணீர் வடிந்த காலையில் பதறிக்கொண்டு ஓடினேன். அந்த வரிசையில் இருந்த பெட்டிக்கடை, பூக்கடை எதையும் காணோம். வண்டி மட்டும் சேறு அப்பிக்கொண்டு அங்கேயே நின்றது. அக்கா அதைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங் கண்ணு அழுவற?" என்றார். "ஆறும் தள்ளித்தான் பாத்துச்சு. அதாலயும் முடியல."